சம்பந்தியைத் தூங்க வைத்த லோடு அக்கா

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவளை லோடு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் அவள் வீட்டுக்கு போன் செய்து, "லோடு அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டேன். எடுத்தது மாமியார். சாயங்காலம் மகன் வந்ததும், "என்னடா, உன் பொண்டாட்டி அங்க மூட்டையா தூக்குறா?" என்று பிடித்துக்கொண்டாராம். மகன் குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் செய்கிறவர். மனைவி என்ன வேலை செய்கிறாள் என்று அவருக்கும் சரியாக விளக்கத் தெரியாது. "அந்த மாதிரிதான்மா" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டார்.

அவள் ஏற்றுவது மூட்டை இல்லை, மனிதர்கள். அணை உடைந்து ஆற்றோரத்துத் தெருக்களை எல்லாம் வெள்ளம் வாரிக்கொண்டு போன பிறகு தொடங்கிய அலுவலகம் எங்களுடையது. யார் எந்த முகாமில் இருக்கிறார்கள், யாரைத் தேடுகிறார்கள் என்று முகாம்களிலிருந்து தகவல் வரும். அக்கா அதைக் கணினியில் ஏற்றுவாள். நான் முன்பக்க ஜன்னலில் உட்கார்ந்து, தேடி வருகிறவர்களுக்குப் பதில் சொல்வேன். அதாவது, இயந்திரம் மெதுவாகப் போனால் திட்டு வாங்குவது நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வாங்கியதை வட்டியோடு அக்காவிடம் கொண்டுபோய்க் கொட்டிவிடுவேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஜன்னல் பக்கமும் அவள் வரவே மாட்டாள். அந்த முகங்களைப் பார்த்தால் விரல் நடுங்கி ஏதாவது தப்பாகத் தட்டிவிடுவேன் என்பாள்.

திட்டாமல் வருகிற ஒரே ஆள் தையற்காரர். தங்கையும் தங்கை புருஷனும் வெள்ளத்தில் போய்விட்டார்கள், உடல்கள் கிடைத்துவிட்டன. அவர்களுடைய ஐந்து வயது மகள் மட்டும் கிடைக்கவில்லை. ஒரு படகில் யாரோ தூக்கி வைத்ததைப் பார்த்ததாக ஒருவர் சொன்னாராம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர் தினமும் வந்தார். தூரத்து முகாம்களின் தகவல் இன்னும் ஏறவில்லை என்று நான் தினமும் சொன்னேன். மாதக் கடைசியில் அந்த முகாம்களை மூடிவிட்டு, உறவு தெரியாத குழந்தைகளை ஆளுக்கொரு விடுதியாகப் பிரித்து அனுப்பப்போகிறார்கள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஏன் ஏறவில்லை என்பதைச் சொல்கிறேன். எங்கள் கணினியில் இருப்பது வெறும் பெயர்ப் பட்டியல் இல்லை. ஆன்டாலஜி என்பார்கள். எது எதற்கு என்ன உறவு, அதிலிருந்து வேறு என்ன தெரியவரும் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். அம்மாவின் அண்ணன் மாமா என்று ஒரு தடவை சொல்லி வைத்தால் போதும். யார் யாருக்கு மாமா என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். அப்படிக் கண்டுபிடிக்கிற பகுதிக்கு அக்கா வைத்த பெயர் சம்பந்தி. வாசலில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "நீங்க யாருக்கு என்ன முறை?" என்று விசாரித்து, உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களை எல்லாம் எழுப்பி அறிமுகம் செய்து வைக்கிற சம்பந்தி. பத்துப் பேர் இருக்கும்போது அது மரியாதை. இருபதாயிரம் பேர் உட்கார்ந்திருக்கும்போது இருபதாயிரத்து ஓராவது ஆள் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மேலாளர் பெரிய இயந்திரம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். யானைப் பசிக்குச் சோளப்பொரி. முதல் நாள் சுறுசுறுப்பாக ஓடியது. கூட்டம் சேரச் சேரப் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது.

அக்கா முதலில் நூறு பேரை மட்டும் ஏற்றிப் பார்த்தாள், அப்புறம் ஆயிரம் பேரை. பத்து மடங்கு நேரம் ஆனால் நியாயம். ஐம்பது மடங்குக்கும் மேல் ஆனது. அந்த வாரம் முழுக்க வீட்டில் குழம்பில் உப்பு இல்லையாம். மாமியார் உப்பு டப்பாவை மேஜைக்கு நடுவில் வைத்துவிட்டாராம். அதைக்கூட அக்கா கவனிக்கவில்லை, அவள் புருஷன்தான் எனக்குச் சொன்னார்.

கடைசியில் மூன்று காரியம் செய்தாள். ஏற்றுகிற நேரத்தில் சம்பந்தியைத் தூங்க வைத்துவிட்டாள். எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு ஒரே தடவை எழுப்பினால் போதும். ஒவ்வொருவராக அனுப்பாமல் மொத்தம் மொத்தமாக உள்ளே விட்டாள். மூன்றாவதுதான் அவளுக்கே பெருமையாக இருந்தது. முகாம்களில் எழுதுகிறவர்கள் நல்ல மனசோடு ஒரு வேலை செய்திருந்தார்கள். பெரிய குடும்பம் வந்தால் ஒருவர் விடாமல் பெரியப்பா, சித்தி, கொழுந்தன், ஓரகத்தி என்று எல்லா முறையையும் எழுதி அனுப்பிவிட்டார்கள். அம்மா, அப்பா, கணவன், மனைவி தெரிந்தால் மற்றதைச் சம்பந்தியே சொல்லிவிடும். எதற்கு அத்தனை சுமை? பெற்றோர், துணை இந்த இரண்டு உறவை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எல்லாம் வெட்டிவிட்டாள்.

காலையில் தொடங்கியது மதியச் சாப்பாட்டுக்குள் ஏறி முடிந்தது. தூரத்து முகாம்கள் உட்பட எல்லாம். சம்பந்தியை எழுப்பிவிட்டோம். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் அவர் தன் விசாரணையை முடித்துவிட்டார். குடும்பம் குடும்பமாகத் திரையில் சேர்ந்தார்கள். மேலாளர் தலைமைக்கு போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டார். நான் அக்காவின் கன்னத்தைக் கிள்ளினேன்.

தையற்காரர் வந்தார். தேடினேன். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை தேடினேன், கை வலிக்கிற மாதிரி. எல்லாமே ஏறிவிட்டதால் இனி சொல்வதற்குச் சாக்கும் இல்லை. இத்தனை நாளும் இயந்திரத்தின் மேல் பழி போட முடிந்தது.

"எல்லா முகாமும் வந்துடுச்சுங்க. இல்லை" என்றேன்.

அவர் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தார். "சரிம்மா, நாளைக்கு வரேன்" என்றார். நாளைக்கு எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் வாய்க்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்தவள் அப்படியே மூடினாள். ஏறியவர்களில் ஒரு உறவும் ஒட்டாமல் தனியாக நிற்கிறவர்கள் யார் யார் என்று இயந்திரத்திடம் கேட்டாள். நூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள்.

"யாரையும் தேடாத ஆள் எதுக்குடி நம்மகிட்ட பேர் குடுக்கணும்?" என்றாள்.

நான் முழித்தேன். அவள் முகாம்கள் அனுப்பிய மூலத் தகவலைத் திறந்து ஒவ்வொருவராகப் பார்த்தாள். பெரும்பாலும் குழந்தைகள். பெயர் பாப்பா, பெயர் குட்டி, பெயர் ராசா. அம்மா பெயர் என்ன என்றால் அம்மா. அப்பா பெயர் என்ன என்றால் அப்பா. எழுதுகிறவர் பாவம், அந்த இடங்களைக் காலியாக விட்டுவிட்டு, பிள்ளை சொன்ன வேறு உறவை எழுதியிருந்தார். அத்தை, பால் வண்டி வைத்திருக்கிறவர். பெரியப்பா, மீசை உண்டு. பெரியவர்களுக்குச் சுமையாக இருந்த அந்த முறைகள்தான் இந்தப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கயிறு. அக்கா அதை வெட்டியிருந்தாள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்று சும்மாவா சொன்னார்கள்.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். எனக்கு அழுகையே வந்தது.

மேலாளரிடம் போனோம். வேலை முடிந்துவிட்டது என்று மேலிடத்தில் சொல்லியாகிவிட்டது, சும்மா கிடக்கிற சங்கை ஏன் ஊதுகிறீர்கள் என்றார். மறுபடியும் பழையபடி மெதுவாகிவிட்டால் யார் பதில் சொல்வது என்றும் கேட்டார். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"மெதுவாகாது சார். அம்மா அப்பா தெரியாதவங்களுக்கு மட்டும் வெட்டினதைத் திருப்பி ஏத்துறேன். நான் வெட்டினது, நானே ஒட்டறேன். வேண்டாம்னா நாளைக்கு நீங்க ஜன்னல்ல உக்காருங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி என்று அர்த்தம்.

மறுபடியும் சம்பந்தி தூங்கினார். நூற்றுச் சொச்சம் பேருக்கு எவ்வளவு நேரம் ஆகப்போகிறது, உடனே ஏறிவிட்டார்கள். சம்பந்தியை எழுப்பினாள். தையற்காரர் தன் தொழிலையும், தங்கையையும் தங்கை மகளையும் எங்களிடம் முன்பே பதிந்திருந்தார். அந்தச் சிறுமிக்கு அவர் மாமா என்று சம்பந்தி தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார். தூரத்து முகாம் ஒன்றில் ஐந்து வயதுப் பாப்பா ஒருத்தி, மாமா மிஷினில் தைப்பார் என்று மட்டும் சொல்லியிருந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார் சம்பந்தி. இவராக இருக்கலாம் என்று திரை சொன்னது.

இருக்கலாம் என்பதை நம்பி ஒருவரிடம் எப்படிச் சொல்வது? அடுத்த நாள் அவர் வந்தபோது மேலாளரே முகாமுக்கு போன் போட்டார். மறுமுனையில் பிள்ளையைக் கூட்டிவர நேரம் ஆனது. தையற்காரர் போனைக் காதை விட்டு எடுக்கவில்லை. சத்தம் வெளியே வருகிற மாதிரி வைத்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"மாமா, என் சட்டைக்குப் பட்டன் வெச்சிட்டியா?"

அந்தச் சட்டையும் மிஷினும் கடையும் எப்போதோ ஆற்றோடு போய்விட்டன.

"வெச்சிட்டேன் கண்ணு. எல்லாப் பட்டனும் வெச்சிட்டேன்" என்றார்.

அவர் போனைக் கீழே வைத்தார். அந்த முகாமுக்கு வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்பார் என நினைத்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் துணியும் பட்டனும் விற்கிற கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார். பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் பக்கமே வராத லோடு அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து அவர் எதிரில் நின்றாள்.

"வாங்கண்ணே, நான் காட்டுறேன்" என்றாள்.