அமெரிக்காவுக்கு எங்கள் வீட்டு ஓட்டு

எங்கள் வீட்டில் யாருக்கும் அமெரிக்காவில் ஓட்டு கிடையாது. விவேக் நகரை விட்டு அதே ஊரிலிருக்கிற மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் வரை போய்வருவதற்கே ஒரு வாரம் யோசிக்கிற குடும்பம் அது. ஆனாலும் எனக்கு ஏழு வயதிருக்கும்போது, அவரைக்காய் மலிந்து கிடந்த ஒரு குளிர்காலம் முழுக்க, அந்த நாட்டுக்கு யார் ஜனாதிபதி வேட்பாளராக நிற்கலாம் என்று நாங்கள்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம்.

காரணம், அத்தைக்கு வந்த வரன். மாப்பிள்ளை அமெரிக்காவில் வேலை விசாவில் இருந்தார். அங்கே ஒரு வேட்பாளர், தான் வந்தால் வெளிநாட்டுக்காரர்களுக்கு விசாவையே நிறுத்திவிடுவேன் என்று மேடைக்கு மேடை முழங்கிக்கொண்டிருந்தார். அவர் வந்தால் சம்பந்தம் அம்பேல்.

வைட்ஃபீல்டில் அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்த்த சித்தப்பாதான் இதில் எங்களுக்கு வாத்தியார். முதலில் கட்சிக்குள்ளேயே ஓட்டுப் போட்டு யாருக்கு டிக்கெட் என்று முடிவு செய்வார்கள், அதற்குப் பெயர் பிரைமரி என்றார். அப்பாவுக்கு அது ஜீரணமாகவில்லை. “தலைவர் கூப்பிட்டுக் குடுத்தா வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே? வீட்டுச் சண்டையை ஊருக்கே டிவியில காட்டணுமா?” என்றார். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சரான அம்மாவோ, “தலை நரைச்சும் பிரைமரியே தாண்டலையா இதுங்க?” என்று அங்கலாய்த்தாள்.

எனக்கு விளங்கியது டிக்கெட் ஒன்றுதான். டிக்கெட் என்றால் பிளேன் டிக்கெட். டிவியில் கத்துகிற இந்த ஆட்களில் யாரோ ஒருவர் கையில்தான் அத்தையின் டிக்கெட் இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்வேன்.

பெயர்கள் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். எங்கள் தெரு டாக்டரைப் போலச் சிரித்தவர் டாக்டர். அவருக்கு விசா விஷயத்தில் நல்ல மனசு. எதிலும் பட்டுக்கொள்ளாதவர் தூங்குமூஞ்சி. விசாவை நிறுத்துகிறவர் கதவு. அவர்களை அலசியது போல் எங்கள் வீட்டில் யாரையும் அலசியதில்லை. பெண்டாட்டியை மேடையில் எப்படிப் பார்க்கிறான், கோபம் வந்தால் கழுத்து சிவக்கிறதா, ஒன்றையும் அம்மா விடவில்லை. மாப்பிள்ளை விஷயம் மட்டும் ஒரு போட்டோ, ஒரு சம்பளம், ஒரு ஞானஸ்நான சர்டிபிகேட்டோடு முடிந்துவிட்டது.

அத்தை அப்போதுதான் ஆபீசில் டீம் லீடர் ஆகியிருந்தாள். தன் டீமில் யார் என்ன சொன்னார்கள் என்று தினமும் என்னிடம் நடித்துக் காட்டுவாள். அமெரிக்கா போனால், அந்த விசாவில் பெண்டாட்டி வேலைக்குப் போக முடியாதாம். “அதுக்கென்ன, வீட்ல நிம்மதியா இருப்பா” என்றார் அப்பா.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்துவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் முடிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரத்துக்குள் பதில் சொல்லுங்கள் என்றது மாப்பிள்ளை வீடு. அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, அம்மாவும் அத்தையும் குழம்புக்கு ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் போகப் பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவுக்குக் குஷி வந்துவிட்டது. நம் வீட்டிலும் பிரைமரி நடத்துவோம் என்று சமையலறை மேடையில் வேட்பாளருக்கு ஒரு டம்ளராக மூன்று வைத்தார். தலைக்கு ஒரு கொட்டை, ரகசிய ஓட்டு.

எனக்கு மேடை எட்டாது. அத்தைதான் தூக்கிப் பிடித்தாள். நான் டாக்டர் டம்ளரில் போட்டேன். என்னை இறக்கிவிட்டு அவள் தன்னுடையதைக் கதவு டம்ளரில் போட்டாள். ஐயோ, மாற்றிப் போட்டுவிட்டாளே என்று எனக்குப் பகீரென்றது. அவளுக்குத் திட்டு விழுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

சித்தப்பா எண்ணினார். டாக்டருக்கு நாலு, கதவுக்கு ஒன்று.

“யாருப்பா அந்தத் துரோகி?”

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். “பாவம் குழந்தை, எந்த டம்ளர்னு தெரியாம போட்டிருக்கும்” என்றாள் அம்மா.

“நான் ஒண்ணும் தெரியாம போடல! டாக்டருக்குத்தான் போட்டேன்!”

“சரிடி, சரிடி” என்று அம்மா அந்தக் கொட்டையை எடுத்து டாக்டர் டம்ளரில் போட்டுவிட்டாள். ஏகமனதாக ஜெயித்தாயிற்று என்று சித்தப்பா கைதட்டினார். தட்டிய கையோடு மாப்பிள்ளை வீட்டுக்கு போன் போட்டார். “எல்லாருக்கும் சம்மதம்ங்க. பொண்ணுக்கும்தான்.” அத்தை குனிந்த தலை நிமிராமல் பிதுக்கிக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் நாலைந்து மாநிலங்களிலேயே தோற்று ஒதுங்கிக்கொண்டார். அதற்குள் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, கல்யாணமும் முடிந்திருந்தது. அந்த வரன் விஷயத்தில் அத்தை சொன்ன ஒரே பதில் கதவு டம்ளரில் விழுந்த அந்தக் கொட்டைதான் என்பது எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று.

அன்றைக்கு எனக்கிருந்த துக்கம் வேறு. ஒன்றும் தெரியாத குழந்தை என்று சொல்லிவிட்டார்களே என்று பின்கட்டில் உட்கார்ந்து தேம்பினேன். அத்தை வந்து முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள்.

“நீ சரியாத்தான்டி போட்ட. நான் பார்த்தேன்ல?”

“அப்ப நீ ஏன் தப்பா போட்ட?”

“கை தவறிடுச்சு.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “உன் டிக்கெட்டே போயிருக்கும், தெரியுமா? நல்லவேளை, அம்மா எடுத்துப் போட்டாங்க. அடுத்த தடவை ஒழுங்கா பார்த்துப் போடு!” என்று அவளை அதட்டினேன்.

“சரிம்மா” என்றாள் அத்தை.