கமுகம்பாளையில் கட்டிய சோறு

என் கல்யாணம் இலஞ்சியில், ஓர் ஆனி மாதத்தில் நடந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டிருந்தது. சாரலோடு காற்றும் சுழற்றியடித்தது. பந்திக்கு வேண்டிய இலையை முன்பே அறுத்து வைத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஊரான திருவேங்கடம் திரும்பும்போது பஸ்ஸில் கொடுத்துவிட வேண்டிய கட்டுச்சோற்றுக்குத்தான் இலை இல்லை. தோட்டத்து வாழையெல்லாம் காற்றில் நார் நாராகக் கிழிந்து நின்றது.

அப்பா பதறவில்லை. தென்காசிக் கடைகளில் அப்போதுதான் பாலிதீன் பைகள் வரத் தொடங்கியிருந்தன. துடைக்க வேண்டாம், நூல் சுற்ற வேண்டாம் என்று கட்டுக் கட்டாக வாங்கி வந்துவிட்டார். சமையல்காரர் புளிச்சோற்றைச் சூட்டோடு அள்ளிப் போட்டதும் பை வியர்த்துச் சுருங்கியது. ஒரு நெடி கிளம்பியது.

என் மாமியார் ஒரு பையை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“மைனி, சோத்துல என்ன ரப்பர் வாடை அடிக்கு?” என்று அம்மாவிடம் கேட்டார். “சின்னப் பிள்ளையளும் வருது. வயித்துக்கு ஒத்துக்கிடுமா?”

அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. தாலி ஏறிச் சில மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் குறையா என்று நான் அம்மாவையே பார்த்தேன்.

அப்போது அம்மாவின் தங்கை, என் சித்தி, அப்பாவிடம் வந்தாள். செங்கோட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். “அத்தான், எங்க தோப்புல கமுகம்பாளை விழுந்து கெடக்கு. கொண்டாரட்டுமா?”

“பாளையிலயா? சம்பந்தக்காரங்க என்ன நினைப்பாங்க?”

“மலைக்குப் போறவங்க எல்லாம் அதுலதான் சோறு கெட்டிட்டுப் போறாங்க. நாள் முழுக்க ஊசாது.”

பூ சுற்றிய கல்யாணக் காரிலேயே சித்தப்பா போய்ப் பாளைகளை ஏற்றிக்கொண்டு வந்தார். கமுகு, அதாவது பாக்குமரத்து மட்டையின் அடியில் அகலமாக, தோல் போல இருக்குமே, அதுதான். வாய்க்காலில் ஊறவைத்ததும் துணிபோல மடங்கியது. உள்பக்கம் வெள்ளையாக, வழவழப்பாக இருந்தது. சித்தி அதில் ஆறிய சோற்றை வைத்து நான்கு பக்கமும் மடித்து வாழைநாரால் கட்டினாள்.

பார்த்துக்கொண்டே நின்ற மாமியார் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “எனக்கும் ஒண்ணு குடுங்க. இந்த மூலையை எப்படி மடக்குதீங்க?” என்றார். அம்மா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

சங்கரன்கோவில் தாண்டியதும் பஸ் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிச் சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்தோம். பிரித்த பாளையே தட்டானது. சோறு உதிரியாக, மணம் மாறாமல் இருந்தது. புது ஊர், புது மனுஷர்கள். நான் சோற்றைத் தொடாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் தன் பொட்டலத்தில் இருந்த வறுத்த வத்தலை எடுத்து என் சோற்றின் மேல் வைத்தார். “அழாம சாப்பிடு தாயி. ஒன் சித்தி கெட்டுன சோறுதான இது” என்றார். அந்த ஒரு சொல்லில் ஏதோ இளகியது. நான் சாப்பிட்டேன். நாங்கள் போட்ட பாளைகளை அந்த வழியே வந்த மாடுகள் நின்று தின்றுவிட்டுப் போயின.

திருவேங்கடம் கரிசல் காடு, கமுகு கிடையாது. அதன்பிறகு அப்பா எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரு கட்டுப் பாளை கொண்டுவருவார். மாமியார் காட்டு வேலைக்கு அதில்தான் சோறு கட்டுவார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் பாலிதீன் பைக்கு மாறிய பிறகும் அவர் மாறவில்லை.

இப்போது பாளையைத் தட்டாக அழுத்தி நகரத்துக் கடைகளில் விற்கிறார்கள். புதுக் கண்டுபிடிப்பு என்கிறாள் என் மகள். நான் மறுத்துப் பேசுவதில்லை. எனக்கு அது, என் பிறந்த வீட்டுக்கு ஒரு சொல் வந்துவிடாமல் காப்பாற்றிய சித்தியின் கை. தெரியாததைக் கேட்டுக் கற்றுக்கொள்ளத் தயங்காத மாமியாரின் மனசு. இருவருக்கும் நேரில் நன்றி சொன்னதில்லை. தலைப்பிரசவத்துக்கு நான் இலஞ்சி போயிருந்தபோது, அவர்கள் இருவரும் என் கட்டிலின் இரு பக்கமும் உட்கார்ந்து விடியும்வரை ஊர்க்கதை பேசிச் சிரித்தார்கள். அதைக் கேட்டபடியே தூங்கிப்போனேன்.