சவேரியாயி பாறைமேல் ஏறிப் பாடியது

என் அம்மா சவேரியாயிக்கு ஆர்மோனியம் பிடிக்காது. இதைச் சொன்ன உடனே, பாட்டின் அருமை தெரியாத பட்டிக்காட்டுப் பொம்பிளை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அருமை தெரிந்ததனால்தான் ஐயா அவளுக்கு அது பிடிக்கவில்லை! "மூக்கடைச்சவன் மூச்சு வாங்கற மாதிரி ஒரு பொட்டி. அதுக்கு முன்னால சர்வேசுரன் எவ்வளவு நேரந்தான் பொறுமையா உக்காந்திருப்பாரு?" என்பாள்.

அவளுக்கு எது பிடிக்கும் என்று நான் சொல்கிறேன், கேளுங்கள். பூசையில் வரும் லத்தீன் பாட்டுப் பிடிக்கும். அதில் ஒரு சொல்லுக்கும் அவளுக்கு அர்த்தம் தெரியாது. "புரிஞ்சா நாம குத்தம் கண்டுபுடிப்போம். புரியாததுனால அடங்கி நிக்கறோம்" என்பது அவள் கட்சி. மெதுவாகப் பாடும் பாட்டுப் பிடிக்கும், வேகமாகப் பாடினால், "எந்தச் சந்தைக்குப் போக இவ்வளவு அவசரம்?" என்று காதுபடவே கேட்பாள். காப்பித் தோட்டத்துத் துரை வீட்டில் ஒருநாள் கிராமபோன் கேட்டுவிட்டு வந்து, "மூஞ்சியக் காட்டாம பாடறவன நம்பக் கூடாது" என்று தீர்ப்புச் சொன்னாள்.

ஆடி மாதம் அறப்பளீசுவரர் கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் வரும். அம்மா களை வெட்டுவதை நிறுத்திவிட்டு, கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்று கேட்பாள். பிறகு, வேறு சாமி மேளத்தைக் கேட்டது பாவமாச்சே என்று பயம் வந்துவிடும். பாதிரிச் சாமியார் மலைக்கு வரும்போது பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சொல்லி, மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் அபராதம் வாங்கிக்கொண்டு வருவாள். மறுவருஷம் என்ன செய்தாள் தெரியுமா? ஆடி பிறந்ததும் அந்த மூன்று செபத்தையும் முன்கூட்டியே சொல்லி முடித்துவிட்டு, நிம்மதியாக மேளம் கேட்டாள்.

அம்மா பிறந்தது மலையடியில், முள்ளுக்குறிச்சிக்குப் பக்கம். அப்பாவுக்கு வாழவந்தி நாட்டில் மிளகுத் தோட்டத்தில் வேலை. கல்யாணம் முடிந்து காரவள்ளியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்தே மேலே வந்தாள். அப்போது மலையில் எங்களைப்போல் கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம் மொத்தமே ஆறு. கூரை வேய்ந்த ஒரு சின்னக் கோயில். வருஷத்துக்கு நாலு தடவை சாமியார். மற்றபடி சுற்றிலும் மலைக்காரர்கள்தான்.

எனக்கு முன்னால் பிறந்த தலைச்சன் பிள்ளை எட்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. ஆடி மழை, மற்ற வேதக்காரர்கள் ஐந்து குடும்பமும் அந்த வாரம் மலையடியில் திருநாளுக்குப் போயிருந்தார்கள். தாய்வீட்டுக்குச் சொல்லியனுப்ப ஆள் இல்லாமல் அப்பாவே மலையிறங்கிப் போயிருந்தார். அம்மா தனியாக உட்கார்ந்து அழுத சத்தம் கேட்டு, ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து பொன்னாயி வந்தாள். அவளுக்குப் பின்னால் இருபது பெண்கள், ஆளுக்கொரு படி சாமையோடு வந்தார்கள். ஆண்கள் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டுவந்தார்கள். ஒப்பாரிச் சத்தம் காதில் விழுந்தால் கைவேலையைப் போட்டுவிட்டுப் போக வேண்டும், ஆகாதவன் வீட்டுச் சாவானாலும் சரி. அது மலைக்காரர் வழக்கம். பொன்னாயி பிள்ளையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பெயரைச் சேர்த்து அவர்களுடைய மெட்டில் பாடினாள். ஆரோக்கியநாதன் என்ற பெயர் அவள் வாயில் சரியாக வரவில்லை. "ஆனாலும் அன்னைக்குத்தான் எம்புள்ள அநாதை இல்லைன்னு தெரிஞ்சுது" என்று அம்மா சொல்லுவாள்.

அந்த மெட்டை அம்மா விடவில்லை. ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கிழமையும் சாயங்காலம், சேசுநாதரின் மரச் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கிக் கிடத்திய பிறகு, மாதா அழுவதாக அம்மா அந்த மெட்டில் ஒப்பாரி பாடுவாள். வார்த்தை எல்லாம் அவளே கட்டியது. "இந்த மலையில மாதாவுக்கு ஒறமொற யாரு இருக்கறாங்க? நாமதான் அழுகணும்" என்பாள். பதினேழு வருஷம் பாடினாள். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

பதினெட்டாம் வருஷம் ராயப்பன் வந்து சேர்ந்தார், சாமியார் இல்லாத நாட்களில் செபம் நடத்தும் புது உபதேசியாராக. கூடவே ஒரு ஆர்மோனியமும் காரவள்ளியிலிருந்து ஆள் தலையில் ஏறி வந்தது. நல்ல மனிதர்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் பட்டணத்தில் படித்த திமிர் கொஞ்சம் இருந்தது. அம்மா ஆர்மோனியத்தைப் பற்றிச் சொன்னது அவர் காதுக்குப் போய், "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று நாலுபேர் முன்னால் சொல்லிவிட்டார். அம்மா சும்மா இருப்பாளா? "கூடம் கோணலில்லீங்க உபதேசியாரே, பொட்டிதான் கோணல்" என்று அங்கேயே திருப்பிக் கொடுத்தாள்.

அந்த வருஷம் முதல் தடவையாகப் பெரிய வாரம் முழுவதும் சாமியார் மலையிலேயே தங்கினார். பிரான்சு தேசத்துக்காரர், தாடி வைத்தவர், புத்தகத்தில் இருப்பதுபோல் தமிழ் பேசுவார். குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் ராயப்பன் எழுந்து நின்று அறிக்கை சொன்னார்: அஞ்ஞானிகள் சாவுக்குப் பாடும் மெட்டை இனிக் கோயிலில் பாடக்கூடாது, சாமியார் உத்தரவு, மீறினால் பாஸ்கு நன்மை கிடையாது.

பாஸ்கு நன்மை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் திவ்விய அப்பம்தான் நன்மை. வருஷத்தில் ஒருமுறை, உயிர்த்த திருநாளையொட்டி நன்மை வாங்காதவன் வேதக்காரனே இல்லை. கல்லறையில் இடம் தரமாட்டார்கள். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. நான் அப்போது தலைப்பிள்ளை வயிற்றில் ஏழுமாதமாகி, தாய்வீட்டில் இருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே சாமியாரிடம் போனாள்.

"சாமி, மாதா அழுதாங்களா இல்லீங்களா?"

"அழுதாள், அம்மா."

"என்ன மெட்டுல அழுதாங்க?"

சாமியார் தாடியைத் தடவினார். கடைசியில், "எனக்குத் தெரியாது. ஆனால் கோயிலுக்குள்ளே அந்த மெட்டு வேண்டாம்" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பா கெஞ்சினார். "விட்டுத் தொலையேன் புள்ள. புத்தகத்துல இருக்கற பாட்டையே பாடிட்டுப் போ. கல்லறையில இடமில்லாம போயிருவ."

அம்மா நாலு நாளும் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கு மணியோ வாத்தியமோ எதுவும் சத்தம் போடக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். ஆர்மோனியத்துக்கு வாய்ப்பூட்டு. சாயங்காலம் சுரூபத்தை இறக்கிக் கிடத்தினார்கள். பக்கத்தில் கறுப்பு முக்காடு போட்ட வியாகுல மாதா. ராயப்பன் புத்தகத்தைப் பார்த்துப் பாட ஆரம்பித்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் யாருக்கும் வரவில்லை. அம்மா எழுந்தாள். சுரூபத்தின் பாதத்தில் உதடு வைத்து முத்தி செய்தாள். பின்னுக்கு நகர்ந்து, வாசலைத் தாண்டி வெளியே போனாள்.

கோயிலுக்கு முன்னால் ஒரு மொட்டைப்பாறை உண்டு. அதற்குக் கீழே பள்ளத்தாக்கு. அம்மா அதன்மேல் ஏறி உட்கார்ந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தாள்.

"தண்ணி கேட்ட வாய்க்குக் காடி தந்தாங்களே, என் கண்ணு!
தாய் கையிச் சொம்பு உனக்கு எட்டலியே, என் சாமி!"

கோயிலுக்குள்ளேதானே வேண்டாமென்றார் சாமியார்? வெளியே பாடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! என் அம்மா மூளையே மூளை. ஆனால் ஒன்றை அவளும் யோசிக்கவில்லை. பதினேழு வருஷம் கூரைக்குள் பாடியபோது அந்தச் சத்தம் வாசலைத் தாண்டியதில்லை. இப்போது பாறைமேலிருந்து பாடியது பள்ளத்தாக்கில் இறங்கி, எதிர்ச் சரிவில் ஏறி, மூன்று ஊருக்குக் கேட்டுவிட்டது.

அரைமணி நேரம் ஆகியிருக்காது. ஓடைப் பக்கமிருந்து வரிசையாக ஆட்கள் ஏறி வந்தார்கள். பெண்கள் தலையில் சாமைக் கூடை. ஆண்கள் தோளில் கடப்பாரை, மண்வெட்டி. நூறு பேருக்குக் குறையாது. முன்னால் ஊர்க்கவுண்டர் சென்றாயன், கையில் கோடித்துணி. சத்தம் கேட்டுக் கோயிலுக்குள் இருந்தவர்கள் வெளியே வந்து பிரமை பிடித்தவர்களாக நின்றார்கள்.

"ஏனுங்க, யாரு போயிட்டாங்க?" என்று கேட்டார் சென்றாயன். "பொழுதோட குழி வெட்டோணுமில்ல, எடத்தக் காட்டுங்க."

சாமியார் அம்மாவைப் பார்த்தார். அம்மா பாறையிலிருந்து இறங்கி வந்தாள்.

"ஒரு பையனுங்க. முப்பத்துமூணு வயசு. அவங்கம்மாவுக்கு ஒத்தப் புள்ள. ஒரு குத்தமும் பண்ணாதவன அடிச்சே கொன்னுட்டாங்க."

பொன்னாயி கூடையை இறக்கி வைத்தாள். "அட சாமி! அந்த அம்மா எங்க?"

அம்மா அவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். பொன்னாயி மாதாவைப் பார்த்தாள், கிடத்தியிருந்த மகனைப் பார்த்தாள். மரத்தில் செய்தது என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரிந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கிளம்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"இது எப்ப நடந்துது கண்ணு?" என்று கேட்டாள்.

"ரொம்பக் காலமாச்சுங்க அக்கா."

"ஆனா என்ன? பெத்தவளுக்கு நேத்துதான்" என்று சொல்லிவிட்டு, மாதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலைவிரித்துப் பாட ஆரம்பித்தாள். பையன் பேரென்ன என்று நடுவில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அந்தக் கோயிலில் அன்றைக்கு அழாதவர் இல்லை. ராயப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுததை நான் என் கண்ணால் பார்த்தேன். சாவுக்குக் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போகக்கூடாது என்று சென்றாயன் கோடித்துணியைச் சேசுநாதர்மேல் போர்த்திவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. நன்மை கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமலேயே, வழக்கப்படி ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் அம்மா கோயிலுக்கு வந்து, கடைசி வரிசையில் முழந்தாளிட்டாள். நன்மை வாங்க எல்லோரும் எழுந்து போனார்கள். அவள் மட்டும் அசையவில்லை. இந்தக் கோயிலுக்கு இந்த மலையில் அவளைவிட யார் உழைத்தார்கள்? எனக்கு ஆத்திரத்தில் கண் மறைத்தது.

அப்போது வாசலில் ஆள் அரவம். பொன்னாயியும் நாலைந்து பெண்களும் சொம்புகளோடு நின்றார்கள். மூன்றாம் நாள். குழியில் பால் தெளிக்க வந்திருக்கிறார்கள்!

"குழி எங்க கண்ணு?" என்றாள் பொன்னாயி மெதுவாக.

"குழி காலிங்க அக்கா" என்றாள் அம்மா. "எந்திரிச்சுட்டாரு."

"யாரு, அந்தப் பையனா? உசுரோடயா?"

"உசுரோடதானுங்க."

பொன்னாயி வாயில் கைவைத்துக்கொண்டாள். எட்டி உள்ளே பார்த்தாள். "அந்த அம்மாகிட்ட சொல்லியாச்சா?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். திருநாள் அலங்காரம் எல்லாம் நடந்திருந்தது, பீடத்தில் பூ, மெழுகுவத்தி. மூலையில் மாதா மட்டும் இன்னும் கறுப்பு முக்காட்டோடு நின்றாள். எடுத்துவிட வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"சொல்லலீங்க அக்கா" என்றாள் அம்மா. எழுந்து, எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் போய், மாதாவின் முக்காட்டை இரண்டு கையாலும் எடுத்தாள். "அம்மா, உம்ம புள்ள எந்திரிச்சாச்சு" என்று அவள் காதோடு சொன்னது எல்லோருக்கும் கேட்டது. வாசலில் பொன்னாயி குலவை போட்டாள்.

அம்மா திரும்பினபோது சாமியார் நன்மைப் பாத்திரத்தோடு அவளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவள் அப்படியே முழந்தாளிட்டாள். நாக்கில் நன்மையை வைத்தார்.

பூசைக்குப் பிறகு, தெளிக்கக் கொண்டுவந்த பாலைக் கோயில் முற்றத்தில் காய்ச்சி எல்லோரும் குடித்தோம். சாமியாரும் ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"சவேரியாயி, நீ என் உத்தரவை மீறவில்லை. கோயிலுக்கு வெளியேதான் பாடினாய். வருகிற வருஷம் கோயிலுக்குள்ளேயே, அந்த மெட்டிலேயே பாடு. நான் அனுமதி தருகிறேன்."

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கைகூப்பினாள்.

"உத்தரவுக்கு ஸ்தோத்திரங்க சாமி. ஆனா நான் பாறைமேலயே பாடிக்கறேனுங்க. உள்ள பாடுனா ஒறமொறைக்குக் கேக்கறதில்லீங்க."