கிரான்பெர்ரியின் மேல் விழுந்த பழி

கல்வராயன் மலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வீடு கள்ளக்குறிச்சியில். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு திரும்பும்வரை கழிவறைக்குப் போக மாட்டேன். பள்ளியில் கழிவறை இருக்கிறது, தண்ணீர்தான் வராது. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நீர்க்கடுப்பு வரும். மாத்திரை சாப்பிட்டால் போகும், பிறகு மறுபடி வரும்.

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை ஒரு விடுமுறைக்கு வந்தபோது கிரான்பெர்ரி என்ற சிவப்புப் பழத்தின் வற்றல் ஏழெட்டுப் பாக்கெட் கொண்டுவந்தாள்.

"அடிக்கடி கடுப்பு வர்றவங்களுக்கு இது நல்லதாம்க்கா. தினம் ஒரு கை சாப்பிடு" என்றாள்.

புளிப்பும் இனிப்புமாக நன்றாகவே இருந்தது. அதற்குப் பிறகு சில மாதங்கள் எனக்குக் கடுப்பு வரவில்லை. பழத்தினாலா, தானாகவா என்று நான் யோசிக்கவில்லை. பழம்தான் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கும் பெண் பக்கத்து ஊர்க்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் கணவர் மலைச்சரிவில் சாமையும் மரவள்ளியும் பயிர் வைப்பவர். இரண்டு முறை கர்ப்பம் தரித்துக் கலைந்துபோய், அப்போது மூன்றாவது கர்ப்பம், ஆறு மாதம் முடிந்திருந்தது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாள்.

"ஒண்ணுக்குப் போனா எரியுது டீச்சர். நர்சம்மாகிட்ட காட்டணும்னா கீழ எறங்கணும். இன்னா பண்றதுன்னு தெரியல."

"இதுக்குப் போய் ஏன் அலையற?" என்றேன். மறுநாள் ஒரு பாக்கெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எனக்கே இதுலதான் சரியாச்சு."

அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "களாக்கா வத்தலாட்டம் இருக்குது" என்று சிரித்தாள்.

பத்து நாள் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கடைசிப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரி கண்ணில் பட்டது. மரபணு மாற்றப்பட்ட மூலத்திலிருந்து எடுத்த பொருள் இதில் உண்டு என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. உடனே தங்கைக்குப் போன் செய்தேன்.

"பழத்தை ஒண்ணும் பண்ணலக்கா. அதுல போடற சர்க்கரையைச் சொல்றாங்க" என்றாள். "இங்க பீட்ரூட் மாதிரி ஒரு கிழங்குல சர்க்கரை எடுப்பாங்க. களைக்கொல்லி அடிச்சாலும் சாகாத மாதிரி அந்தச் செடிய மாத்தியிருக்காங்க. சர்க்கரையா காய்ச்சின பிறகு அதுல செடியோட எதுவும் மிஞ்சாது. நாங்கல்லாம் சாப்பிட்டுட்டுதானே இருக்கோம்."

எங்கள் அப்பா மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு அனுப்பியவர். சர்க்கரையைப் பற்றி எனக்குத் தெரியாததில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தங்கை சொன்னது காதில் ஏறியது, மனதில் ஏறவில்லை. போனில் ஏதேதோ வீடியோக்களைப் பார்த்தேன். ஒன்று விஷம் என்றது, இன்னொன்று பயப்பட ஒன்றுமில்லை என்றது. ஏற்கனவே இரண்டு கலைந்தவளுக்கு இதைக் கொடுத்துவிட்டோமே என்பது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் போனதும் அவளிடம் மிச்சப் பாக்கெட்டைத் திருப்பிக் கேட்டேன்.

"செடிய மாத்தி உண்டாக்கின சர்க்கரை அதுல இருக்காம். நீ இனிமே சாப்பிடாத."

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "வயித்துல இருக்கற புள்ளைக்கு இன்னா ஆவும் டீச்சர்?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்ப ஏன் சாப்பிடாதன்றீங்க?"

மிச்சத்தை மறக்காமல் கொண்டுவரச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். எரிச்சல் நின்றதா என்று அன்று நான் கேட்கவும் இல்லை. அந்த ஒரு வரிதான் என் தலை முழுக்க இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவள் வேலைக்கு வரவில்லை. குளிர்க்காய்ச்சல் தூக்கிப் போட்டு, ஆம்புலன்ஸில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பள்ளி விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் அவள் கணவர் நின்றிருந்தார்.

"அந்த மாத்துன பழம்தான் டீச்சர்" என்றார். "நீங்க நல்லதுக்குதான் குடுத்தீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் உள்ளே போய் டாக்டரம்மாவிடம் பழத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் எழுதுவதை நிறுத்தாமலே பேசினார்.

"பழம் ஒண்ணும் பண்ணலைங்க. எரிச்சல் வந்த அன்னிக்கே மருந்து எடுத்திருக்கணும். பத்துப் பன்னிரண்டு நாள் விட்டதுல கிருமி கிட்னி வரைக்கும் போயிடுச்சு. வந்த கிருமிய பழம் குணப்படுத்தாது. மாசமா இருக்கறவளுக்கு யார் இந்த யோசனை சொன்னாங்க?"

"தெரியலைங்க" என்றேன்.

வெளியே வந்தேன். அவள் கணவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "காய்ச்சல் கொறைஞ்சிடும்னு சொன்னாங்க" என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாம் நாள் குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை, குறை மாதம். பல வாரங்கள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. பிழைத்தது. ஒரு வயது தாண்டியும் எடை ஏறவில்லை, அடிக்கடி சளி பிடிக்கிறது. மலையில் அந்தப் பழத்தின் கதை பரவிவிட்டது. ரேஷன் அரிசியும் அப்படி மாற்றியதோ என்று சிலர் சந்தேகமாகப் பார்த்தார்கள். என்னிடம் கேட்டவர்களுக்கு நான் எதையும் மறுத்துச் சொல்லவில்லை. மரபணு மாற்றிய உணவு நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது. ஆனால் இந்த விஷயத்தில் தப்பு யார்மேல் என்று தெரியும். பழி வேறொன்றின் மேல் விழுந்ததில் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அவள் மறுபடி வேலைக்கு வந்து சில மாதம் ஆனபின், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் போய் டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். நர்சிடம் போகாதே என்று தடுத்தது நான்தான் என்றும் சொன்னேன். அவள் கீரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஆஸ்பத்திரியிலயே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

காம்புகளைக் கிள்ளிப் போட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு இத்தினி நாளா பழத்ததான் திட்டிக்கினு இருக்காரு. அதுவே இருக்கட்டும் டீச்சர். நீங்கன்னு தெரிஞ்சா என்னை இங்க வேலைக்கு வுட மாட்டாரு. இந்தச் சம்பளம் எனக்கு வேணும்."

அதற்குப் பிறகு அவள் எனக்குச் சோறு போடுகிறாள், பேசுகிறாள். உடம்பைப் பற்றி மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

போன வாரம் பஸ் நிறுத்தத்தில் அவள் கணவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். சளிக்கு மருந்து வாங்கக் கீழே போகிறாராம்.

"அந்தப் பழத்த இன்னும் விக்கிறாங்களா டீச்சர்?"

"விக்கிறாங்க."

"யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

பஸ் வந்தது. அவரையும் குழந்தையையும் முதலில் ஏறச் சொல்லிவிட்டு, நான் கடைசி இருக்கைக்குப் போய் உட்கார்ந்தேன்.