கேட்கப்படாத இரண்டாவது கேள்வி

தர்சினிக்கு நாற்பத்துநாலு வயது. நாற்பத்தைந்துக்கு மேல் அவள் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஆய்வு நிறுவனம் நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்காது. ஆகவே கள இணைப்பாளர் பதவிக்கு அவள் போட்ட விண்ணப்பந்தான் கடைசி. கிடைத்தால் மேசையும் கதிரையும் சேமலாப நிதியும் உண்டு. கிடைக்காவிட்டால் கடைசிவரை ஒப்பந்த ஆள். ஒரு ஆய்வு முடிந்ததும் வீட்டுக்கு அனுப்புவார்கள். அடுத்தது தொடங்கும்போது, அன்றுதான் முதன்முதல் கண்டவர்களைப் போல அடையாள அட்டைப் பிரதி கேட்பார்கள். வருடக்கணக்காக இந்தக் கூத்துத்தான்.

அவளுடைய வேலை கேள்வி கேட்பது. கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் ஆய்வாளர்கள் கேள்விகளை எழுதி அனுப்புவார்கள். தர்சினி கொடிகாமத்திலிருந்து ஸ்கூட்டியில் புறப்பட்டு, வெயில் மண்டையைப் பிளக்க, வீடு வீடாகப் போய்க் கேட்பாள். சில ஆய்வுகளில் கேள்வியை எழுதியபடியே வாசித்துப் பதிலைக் குறித்துக்கொண்டு வந்தால் போதும். அவளுக்குப் பிடித்தது மற்ற வகை. நாலைந்து கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஆளைப் பார்த்து, பேச்சின் போக்கைப் பார்த்து, இடையிடையே தானாகவும் கேட்டுக்கொண்டு போகும் வகை. அதில் அவளை விழுத்த ஆள் கிடையாது.

ஒருமுறை பருத்தித்துறையில் செல்வநாயகி என்ற மீனவப் பெண்ணிடம் வீட்டு நிலைமையைக் கேட்டபோது, "எங்களுக்கென்ன குறை, நல்லாத்தான் போகுது" என்று பதில் வந்தது. கூடப் போயிருந்த அருட்செல்வன் வேலைக்குப் புதிது. அதை அப்படியே எழுதப் போனான். தர்சினி அவனுடைய பேனையைக் கையால் மறித்தாள். தேத்தண்ணியைக் குடித்தாள். மீன் விலையைப் பற்றிக் கதைத்தாள். பிறகு மெல்ல, "மூத்தவன் ஏன் பள்ளிக்கூடத்தாலை நிண்டவன்?" என்று கேட்டாள். செல்வநாயகி பொழுது சாயும்வரை பேசினாள்.

திரும்பி வரும்போது தர்சினி அவனுக்குச் சொன்னாள். "எங்கடை சனம் முதல் சொல்லுறது பதில் இல்லை, மரியாதை. ரெண்டாந்தரம் கேட்டாத்தான் பதில் வரும்."

அருட்செல்வன் கெட்டிக்காரன், பிடித்துக்கொண்டான். மளமளவென்று மேலே ஏறி நிகழ்ச்சி அலுவலராகி, இப்போது ஆள் எடுக்கும் தேர்வுக் குழுவிலும் ஒருவனாக இருக்கிறான்.

இப்போதைய தேர்வு முறையை வரச் செய்தவளும் தர்சினிதான். இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. முன்பெல்லாம் அங்கே நேர்முகத்தேர்வு என்றால் ஊர்க்கதைதான். எந்த ஊர், ஆரின்ரை பிள்ளை, எந்தக் கோயிலடி என்று சுற்றிவளைத்துச் சாதியைப் பிடித்துவிடுவார்கள். வேலை யாருக்கென்பது அதற்கு முன்பே முடிவாகியிருக்கும். போனமுறை முந்திய பணிப்பாளரின் மைத்துனர் முறையான ஒருவர் அப்படித்தான் உள்ளே போனார். தர்சினி விடவில்லை. மற்ற ஒப்பந்த ஆட்களையும் சேர்த்துக்கொண்டு நிர்வாகத்தோடு சண்டை பிடித்தாள். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே ஒழுங்கு, சொன்ன பதிலுக்கு மட்டுமே புள்ளி, துணைக்கேள்வி கிடையாது என்ற விதி அப்படி வந்ததுதான். நல்ல விதி. கூடாதென்று எந்த வாயால் சொல்வது?

தேர்வன்று காலை, சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிக்கொண்டிருந்த அவளுடைய கணவர் பஞ்சலிங்கம், "போய், செய்ததெல்லாத்தையும் சொல்லி நல்லாப் புழுகிப்போட்டு வா" என்றார்.

"என்ரை வாயாலை நானே என்னைப் புழுகிறதோ? வெக்கமில்லையே? அங்கை இருக்கிறவைக்கு என்னைத் தெரியாதே?"

பெருமை பேசக்கூடாதென்று வளர்க்கப்பட்டவர்களின் பெருமை பொல்லாதது. தங்கள் வாயால் சொல்லமாட்டார்கள். மற்றவர்கள் சொல்ல வேண்டுமென்று காத்திருப்பார்கள், சொல்லாவிட்டால் உள்ளுக்குள் குமைவார்கள். தர்சினியும் அந்தக் கூட்டந்தான்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் புதிய பணிப்பாளர், ஓரத்தில் அருட்செல்வன். பணிப்பாளர் முதல் கேள்வியை வாசித்தார். "களத்தில் ஏற்பட்ட ஒரு பெரிய சிக்கலை நீங்கள் எவ்வாறு தீர்த்தீர்கள்?"

இதைவிட வாய்ப்பான கேள்வி எங்கே வரும்? கொழும்புத்துறை என்ற மீனவக் கரையில் எவரோ முன்பு செய்த ஆய்வொன்று மீனவர்களின் குடும்பக் கதைகளைப் படத்தோடு வெளியிட்டுவிட, அந்தக் கரை முழுவதும் கதவைச் சாத்திவிட்டது. நிறுவனத்தார் அங்கே செய்யவிருந்த ஆய்வையே கைவிடப் பார்த்தார்கள். தர்சினிதான் தனியாகப் போய் நின்று ஏச்சு வாங்கினாள். தான் செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கேட்டாள். திரும்பத் திரும்பப் போய் ஒவ்வொரு கதவாகத் திறக்கவைத்தாள். அந்தக் கதை முழுவதும் அருட்செல்வனுக்குத் தெரியும்.

தர்சினி சொன்னாள்: "கொழும்புத்துறையிலை ஒரு பிரச்சினை வந்தது. அது எல்லாரும் சேர்ந்து தீர்த்ததுதான். மீனவர் சங்கத் தலைவர் நல்ல மனுசன். ஒஃபிசிலையும் நல்ல உதவி. நான் என்ன, போய்க் கதைச்சனான், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அருட்செல்வனைப் பார்த்தாள். என்ன கதைத்தீர்கள் என்று அவன் ஒரு வார்த்தை கேட்டால் போதும், மிச்சத்தையெல்லாம் கொட்டிவிடுவாள். துணைக்கேள்வி இல்லையென்பது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் வாய் எழவில்லை. அருட்செல்வன் குனிந்து புள்ளி போட்டான். பணிப்பாளர் அடுத்த கேள்விக்குப் போனார். அதற்கும் அவள் இப்படித்தான் பதில் சொன்னாள்.

வேலை லக்ஷனுக்குக் கிடைத்தது. இளம்பெடியன், கெட்டவனல்ல. தான் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்லத் தெரிந்தவன்.

அருட்செல்வனை அவள் நிறுவன வாசலில் வைத்து மறித்தாள். "உமக்குத் தெரியுந்தானே?"

"தெரியும் அக்கா. ஆனா எனக்குத் தெரிஞ்சதுக்குப் புள்ளி போடேலாது. நீங்கள் சொன்னதுக்குத்தான் போடலாம்."

"அப்ப ஒரு கேள்வி கேட்டிருக்கலாந்தானே?"

"உங்களிட்டை மட்டும் கூடக் கேட்டா மற்றவைக்கு அநியாயமெல்லோ? உதுக்காகத்தானே நீங்கள் சண்டை பிடிச்சனீங்கள்?"

அவன் சொன்னதில் ஒரு சொல் பிழையில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பிழையாக ஒன்றைச் சொல்லியிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு கேட்டிருப்பாள்.

சில வாரங்களில் நிறுவனத்திலிருந்து தனுஷிகா என்ற பெண் கொடிகாமத்துக்கு அவளுடைய வீடு தேடி வந்தாள். வேலை கிடைக்காதவர்களின் அனுபவத்தை ஆராய்கிறார்களாம். அடுத்த தேர்வை இன்னும் நன்றாக நடத்துவதற்காம். கைபேசியில் ஒலிப்பதிவைத் தொடக்கினாள்.

"எனக்கொரு குறையும் இல்லைப் பிள்ளை. நியாயமாத்தான் நடந்தது" என்றாள் தர்சினி.

தனுஷிகா எழுதவில்லை. கையிலிருந்த தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தாள். பிறகு, "தேர்வு முடிஞ்சு அண்டைக்கு வீட்டை வந்து என்ன செய்தனீங்கள் அக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

தர்சினி உடைந்துபோனாள். பெட்டை வலு கெட்டித்தனமாகக் கேட்டாள், அவசரப்படுத்தவில்லை. கொழும்புத்துறையில் யார் யார் என்னென்ன சொல்லி ஏசினார்கள், எந்த வீட்டில் முதலில் கதவு திறந்தது, அடையாள அட்டையை நீட்டும் ஒவ்வொரு தடவையும் மனது எப்படிக் கூசுகிறது என்று எல்லாம் வந்தது. நான் செய்தேன், நான் செய்தேன் என்று அழுதழுது சொன்னாள். அதில் கால்வாசியை அந்த மேசைக்கு முன்னால் சொல்லியிருந்தால் வேலை அவளுடையது.

முடிந்ததும் தனுஷிகா ஒலிப்பதிவை நிறுத்தினாள். கவிழ்த்து வைத்த தாள்களை எடுத்து, கடைசித் தாளிலிருந்த உறுதிமொழியை வாசித்தாள். "நீங்கள் கூறிய எதுவும் நிறுவனத்தின் எந்த முடிவையும் மாற்றாது என உறுதியளிக்கிறோம்."

அந்த வசனம் தர்சினிக்கு மனப்பாடம். எத்தனையோ வீடுகளில் அவளே வாசித்திருக்கிறாள், சனத்துக்கு ஆறுதல் சொல்லும் வசனமென்று நினைத்துக்கொண்டு.

"விளங்கிச்சுதே அக்கா?"

"ஓம் பிள்ளை, இப்பத்தான் விளங்குது" என்று சொல்லி, தனுஷிகா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.