எதிர்க்கடை

உத்திரமேரூர் கடைத்தெருவில் எங்களுக்குப் பாத்திரக் கடை. ஜனங்கள் மாற்றக் கொண்டுவரும் பழைய பித்தளையை எடை குறைத்துப் போட்டதால் நாங்கள் வேலையை விட்டு நிறுத்திய முனுசாமி, எங்களுக்கு நேர் எதிரிலேயே கடை திறந்தான். எனக்கு வயிறு எரிந்தது.

தீபாவளி சமயம், 'எதிர்க்கடையில் வாங்கி ஏமாறாதீர்கள்' என்று நோட்டீஸ் அச்சடித்து எங்கள் வாசலில் ஒட்டினேன். வம்பு வேண்டாமென்று எந்தக் கடைப் பெயரையும் போடவில்லை. அவன் அதில் ஒன்றைப் பிய்த்துக்கொண்டு போய்த் தன் வாசலில் ஒட்டிவிட்டான்.

பக்கத்துப் பெருநகர் கிராமத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் அங்கே அதைப் படித்துவிட்டு, எங்கள் படியேறிய தன் மகளைக் கூப்பிட்டார். "அங்க போவாதடி. ஏமாத்துவாங்கன்னு நோட்டீசே ஒட்டிகீது." முனுசாமி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

பொங்கலுக்கு வேறு நோட்டீஸ் போட்டேன். 'பழைய பாத்திரம் மாற்றுகிறீர்களா? எந்தக் கடையானாலும் உங்கள் கண்ணெதிரே நிறுக்கச் சொல்லுங்கள்.' கீழே எங்கள் கடைப் பெயர், பெரிய எழுத்தில். அதே அம்மாள் அவன் கடையில் நின்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது. "இன்னா நைனா, உள்ள எடுத்துக்கினு போற? இங்கயே நிறு."

இப்போதெல்லாம் என் நோட்டீசில் எதிராளி பேச்சே கிடையாது. அவன் வாசலில் ஒட்டினாலும் எனக்காகப் பேசுமா என்று பார்த்துத்தான் அச்சுக்குக் கொடுக்கிறேன். பொங்கல் நோட்டீசை அவன் இன்னும் ஒட்டவில்லை.