கீழண்டை சென்சார்

திருவையாற்றுக்கு வடக்கே எங்கள் ஊரில் வாடகைக் கார் வைத்திருப்பவர் துரைராசு. வயது ஐம்பத்தாறு. அவருடைய அப்பா குத்தகைக்கு ஆறு மா நிலம் பயிர் செய்தவர். நிலத்துக்காரர் வழக்குப் போட்டு நிலத்தைத் திருப்பிக்கொண்டபோது துரைராசுவுக்குப் பதினேழு வயது. அதே நிலத்துக்காரர் டிராக்டர் வாங்கி, ஓட்ட ஆள் தேடினார். துரைராசு போய் ஏறிக்கொண்டார். அப்பா ஆறு மாதம் மகனோடு பேசவில்லை. வேலை போய்விடும் என்று ஏர் ஓட்டுகிறவர்கள் டிராக்டரை மறித்தார்கள். ஒரு கல் வந்து இவர் காதுக்கு மேலே பட்டது. யார் எறிந்தது என்று இவருக்குத் தெரியும். அந்த ஆளை மூன்று தடவை காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை.

டிராக்டரிலிருந்து லாரி, லாரியிலிருந்து வேன், அப்புறம் சொந்தக் கார். வெள்ளைக் கார், பெட்ரோல். வேறொருவரிடம் ஓடிய பிறகு இவர் வாங்கியது.

எங்கள் பக்கத்தில் இடது, வலது என்று யாரும் சொல்வதில்லை. மேற்கே இருப்பது மேலண்டை, கிழக்கே இருப்பது கீழண்டை. துரைராசுவுக்கு இது கொஞ்சம் முற்றிப்போனது. "மேலண்டைக் கடவாப்பல்லு வலிக்குதுண்ணே" என்பார். திரும்பி நின்றால் பல் கீழண்டைக்குப் போய்விடும். அதைச் சொன்னால், "நின்ன எடத்துலேர்ந்துதானே சொல்ல முடியும்" என்பார்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு ஆவணியில் என் மகளுக்குத் தஞ்சாவூரில் பெண் குழந்தை பிறந்தது. எனக்கு முதல் பேத்தி. என் சுண்டுவிரலைப் பிடித்தவள் விடவில்லை. வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று டாக்டரம்மா சொன்னார். எங்கள் வீட்டுக்கு எப்போதும் துரைராசு கார்தான். ஆனால் அந்த மாதம் கார் சரியாக இல்லை. நின்றால் இஞ்சின் அணைந்துவிடும். புகை கறுப்பாக வந்தது, உள்ளே பெட்ரோல் வாடை அடித்தது. ஒரு கல்யாண வீட்டு ஆட்களோடு பாலத்தின் மேல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடுவது குறைந்தது. பேருந்து நிறுத்தத்துக்குப் புது வாடகைக் கார் ஒன்றும் வந்திருந்தது.

"வேற வண்டி பேசிக்கலாம் மாமா. பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு நடுரோட்டுல நிக்க முடியாது" என்றார் மாப்பிள்ளை. அதில் தப்பு ஒன்றும் இல்லை. துரைராசுவிடம் போய் அப்படியே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே வேற வண்டியில போனீங்கன்னா ஊர்ல வேற யாரு ஏறுவா? புதன்கெழம பொழுது சாயறவரைக்கும் குடுங்கண்ணே. சரியாவலேன்னா நானே வந்து சொல்லிடுறேன்."

சரி என்றேன்.

திருவையாற்றில் ஸ்கேனர் வைத்திருக்கிற மெக்கானிக் கோவிந்தராசு வந்து பார்த்தார். "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு. இஞ்சின்லேர்ந்து வர்ற புகைய மோந்து பாத்து, பெட்ரோலக் கூட்டு, கொறைன்னு சொல்றது அதுதான். இதுல ரெண்டு இருக்கு. இஞ்சின்கிட்ட உள்ளது செத்துப்போச்சு. வாங்கிட்டா நீங்களே மாட்டிடலாம்."

துரைராசு கார் பக்கத்தில் நின்றபடியே தஞ்சாவூர் கீழவாசலில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் நூர்ஜஹானுக்குப் போன் போட்டார். நூர்ஜஹானுக்கு ஊர் நாகூர். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். கடையை இந்தப் பெண்தான் பார்க்கிறது. எந்த வண்டிக்கு எந்தச் சாமான் என்று புத்தகம் பார்க்காமல் சொல்லும்.

"அதுல ரெண்டு இருக்குண்ணே. மேல உள்ளதா, கீழ உள்ளதா?"

துரைராசு காரைப் பார்த்தார். "கீழண்டைல உள்ளதும்மா."

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் பார்சல் வந்தது. பிரித்தால் கம்பி முழ நீளம் அதிகம். முனையில் இருந்த பிளக் காரின் பிளக்கோடு சேரவில்லை. திருகுகிற மரை மட்டும் ஒன்றுதான். துரைராசு ஈயம் பற்றவைக்கிற கருவியை எடுத்து வைத்துக்கொண்டு போன் போட்டார்.

"பிளக்கு சேரல தங்கச்சி. கம்பிய வெட்டி பழைய பிளக்க வச்சு ஒட்டிடவா?"

"ஈயம் வைக்காதீங்கண்ணே. அது கம்பிக்குள்ள இருக்குற சந்து வழியாத்தான் வெளிக்காத்த இழுக்குது. அடைச்சுப்போச்சுன்னா நல்ல சென்சாரும் பொய் சொல்லும்."

"கம்பி மூச்சு விடுமா?"

"விடும். நானும் மொதல்ல நம்பல. பழசக் கழட்டிக்கிட்டு நேர்ல வாங்க."

புதன்கிழமை ஹைட்ரோகார்பன் குழாய் பதிப்பதை எதிர்த்து மறியல். மதியம்வரை பஸ் இல்லை. முதல் பஸ்ஸில் அவர் கிளம்பினார். பேத்தியைப் பார்க்கப் போக நானும் காத்திருந்தேன், ஏறிக்கொண்டேன். பழைய சென்சாரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார், பார்சலில் வந்தது பையில் இருந்தது. கீழவாசலில் கடையடைப்பு. நூர்ஜஹான் நாலு மணிக்குத்தான் ஷட்டரைத் தூக்கியது. அதுவரை வெளியே நின்றோம். துரைராசு சூரியனைப் பார்ப்பதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்.

துண்டைப் பிரித்ததும் நூர்ஜஹான் கேட்டது: "இது மேல உள்ளதுல்ல? கீழ உள்ளதுன்னுல்ல சொன்னீங்க?"

"வண்டிய கெழக்க பாத்து நிறுத்திருக்கேன். அப்ப இஞ்சின் கீழண்டைலதானே இருக்கும்?"

அந்தப் பெண் பழைய சென்சாரை மேசையில் வைத்தது. "அண்ணே, நான் கீழன்னா வண்டிக்கு அடியிலன்னு நெனச்சேன். சைலன்சர் பக்கம் உள்ளத அனுப்பிட்டேன்."

"கீழன்னா கெழக்குதானே?"

"சாமானுக்கெல்லாமா கெழக்கு மேற்கு பாப்பாங்க?"

"நீங்க கடை வச்சிருக்குறது கீழவாசலு. பள்ளத்துலயா இருக்கு?"

நூர்ஜஹான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தது. "சரிண்ணே, என் மேலயும் தப்பு. நான் அனுப்புனதக் குடுங்க, மாத்தித் தரேன்."

மேசையில் மூன்றை எடுத்து வைத்தது. ஒன்று எல்லா வண்டிக்கும் ஆகிற பொது சென்சார். பிளக் கிடையாது, நாலு கம்பி மொட்டையாகத் தொங்கியது. இரண்டாவது வேறு கம்பெனி செய்தது. அளவு சரி, பெட்டி பிரிக்காதது. மூன்றாவது காரோடு வருகிற அதே சாமான், ஆனால் பெட்டி பிரிந்திருந்தது.

"ஒரிஜினல் இது ஒண்ணுதான் இருக்கு. ஒருத்தர் வாங்கிட்டுப் போயி மறுநாளே கொண்டாந்துட்டாரு. வண்டில மாட்டவே இல்லன்னாரு. நான் கூடப் போயி பாக்கல. அதான் யோசனையா இருக்கு. பிரிக்காதது வேணும்னா இந்த ரெண்டாவத எடுத்துக்கங்க."

"இது எவ்வளவு நாளு வரும்?"

"சிலது வருசக்கணக்கா ஓடுது. சிலது மறு வாரமே கடைக்குத் திரும்பி வருது. நாளைக்குக் கொழந்தைய ஏத்தப் போறதாச் சொல்றீங்க, பொய் சொல்ல மாட்டேன்."

பொது சென்சாரை அவர் முதலிலேயே தள்ளிவிட்டார். பிரித்த பெட்டியைக் கையில் எடுத்தார். முனையை வெளிச்சத்தில் காட்டினார், கரி இல்லை. கரியைத் துடைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அவர் மரையின் அடியில் கிடந்த வளையத்தை நகத்தால் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பழைய சென்சாரின் வளையத்தைப் பக்கத்தில் வைத்தார். பழையது தட்டையாக நசுங்கியிருந்தது. புதியது உப்பலாக, உருண்டு இருந்தது.

"வாஷர் நசுங்கல. ஒரு தடவ இறுக்குனா நசுங்கிடும், அத யாராலயும் திரும்ப உப்ப வைக்க முடியாது. டிராக்டர் டீசல் கொழாயில எத்தன வாஷரு பாத்திருக்கேன். இது மாட்டாததுதான் தங்கச்சி. இதக் குடுங்க."

நூர்ஜஹானும் வளையத்தை வாங்கிப் பார்த்தது. "இத நானும் பாத்திருக்கணும்" என்று பெட்டியை ஒட்டிக் கொடுத்தது.

அவர் ஊருக்குப் பஸ் ஏறினார், நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். என் மகளுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. பேத்தி தூங்கினாள். மாப்பிள்ளை, "புதுக் கார்க்காரர்ட்ட சொல்லிடவா?" என்று இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்பதற்குள் துரைராசு போன் வந்தது. அப்போது ஜன்னலில் வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"மாட்டிட்டேண்ணே. ரேடியேட்டர் ஃபேன் ரெண்டு தடவ ஓடி நிக்கிறவரைக்கும் இஞ்சின ஓட விட்டேன். அணையல. புகைக்கு நேரா வெள்ளத் துணி புடிச்சேன், கறுக்கல. காலைல வரேன்."

வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்தார். மகளும் பேத்தியும் நானும் பின்னால், மாப்பிள்ளை முன்னால். திருவையாற்றுக்கு முன்னால் ஆற்றுப் பாலத்தில் மணல் லாரிகள் வரிசையாக நின்றன. அரை மணி நேரம் நகரவில்லை. குழந்தைக்கு வேர்க்குமென்று ஏ.சி.யை நிறுத்தாமல் இஞ்சினை ஓடவிட்டிருந்தார். மாப்பிள்ளை மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் ஆடவில்லை. வாடை இல்லை. பேத்தி ஒரு கொட்டாவி விட்டாள், அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் இறங்கியதும் மாப்பிள்ளை போனை எடுத்தார். "உங்க நம்பரு சொல்லுங்க. மூணாம் மாசம் எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போறப்பயும் நீங்களே வந்துடுங்க."

துரைராசு நம்பரைச் சொன்னார். மாப்பிள்ளை அதைப் போனில் ஏற்றிக்கொள்கிறாரா என்று எட்டிப் பார்த்தார். "தேதிய மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க தம்பி. கார்த்திகைல எனக்கு மலைக்குப் போற சாமிமாருங்க சவாரி வந்துடும்" என்றார்.